விட்டுப்போன முதல் நோக்கம்

போன வாரம் உன் துறையிலிருந்து ஒரு கனத்த உறை வந்தது. உனக்காக அவர்கள் போடப்போகும் நினைவு மலரின் அச்சுப்படி. பிழை பார்த்துத் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். முதல் பக்கத்தில் உன் படம், அதன் கீழே 'பணிவே உருவானவர்' என்று தடித்த எழுத்து. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன்னோடு ஒரு நாள்கூடப் பழகாத எவனோ எழுதியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டினேன். உன் ஆராய்ச்சியின் நோக்கங்கள் என்று மூன்றைப் போட்டிருந்தார்கள். சிரிப்பு அங்கே நின்றது. மூன்று இல்லை, நான்கு. எது விட்டுப்போயிருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் அதை முதன்முதலில் விட்டவள் நான்.

அறுபதுகளின் நடுவில் அது. திருப்பாதிரிப்புலியூரில் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் நாம். பிறகு நான் கடலூரில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட் ஆனேன். நீ சிதம்பரத்தில் வேதியியல் படித்து முடித்து, ஆராய்ச்சிக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாய். கிடைத்தால் படிப்பு. கிடைக்காவிட்டால் அண்ணாகிராமத்துக்குத் திரும்பி வீட்டு முந்திரிக் கொல்லையைப் பார்க்க வேண்டும் என்று உன் அண்ணன் கறாராகச் சொல்லியிருந்தார். விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் நோக்கங்களை எழுத வேண்டும். அந்த ஒரு பக்கத்துக்கு நீ ஒன்றரை மாதம் எடுத்துக்கொண்டாய்.

முதலில் தமிழில் எழுதுவாய். அதைக் கொண்டுபோய் உங்கள் ஊரில் கொட்டை உடைக்கிற பெண்களிடம் வாசித்துக் காட்டுவாய். அவர்களுக்குப் புரிந்த பிறகுதான் ஆங்கிலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் உன்னோடு வந்தேன். வறுத்த கொட்டையின் புகை கண்ணைக் கரித்தது. கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்தார்கள். அப்படியும் ஓட்டிலிருந்து தெறிக்கும் எண்ணெய் பட்டு, விரல்நுனியெல்லாம் தோல் உரிந்து கருத்துக் கிடந்தது. சின்ன வயதில் நீயும் உடைத்தவள்தானே. உன் வலது கட்டைவிரலில் ரேகையே கிடையாது.

ஓட்டு எண்ணெயில் என்னென்ன இருக்கின்றன, பெயிண்டுக்கு அது ஆகுமா என்றெல்லாம் வாசித்தாய். உன் சின்னம்மா கைவேலையை நிறுத்தாமலே கேட்டார்.

"அது கெடக்கட்டும். எங்க கையி வேவாம இருக்கறதுக்கு அதுல எதாச்சும் எழுதியிருக்கிறியா?"

"கடசில வருது சின்னம்மா."

"மொதல்ல கையிதான வேவுது. அப்ப மொதல்ல எழுது."

நீ அங்கேயே பேனாவை எடுத்து, நான்காவதிலிருந்து பக்கத்தின் தலைவரைக்கும் ஒரு அம்புக்குறி இழுத்தாய்.

டைப் அடிப்பது என் பொறுப்பு. நாள் முழுக்க மனுவாக அடித்துப் பழகிய கை என்னுடையது. உன் பக்கத்தையும் 'தாழ்மையுடன் வேண்டிக்கொள்வது' என்பதற்கான ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தேன். அது பிழை என்றே எனக்குத் தோன்றவில்லை. பெரிய இடத்துக்குப் போகிற காகிதம் வேறு எப்படித் தொடங்கும்? நீ பார்த்துவிட்டுக் காகிதத்தை மெஷினிலிருந்து உருவினாய்.

"ஏண்டி, கலெக்டருக்கு மனுவா குடுக்கறேன்? நான் என்னா செய்யப்போறேன்னு சொல்றேன். கெஞ்சறதுக்கு இதுல எடமே இல்ல."

மூன்று முறை திருப்பி அடித்தேன். மூன்று முறையும் எங்காவது ஒரு கெஞ்சல் ஒட்டிக்கொண்டு வந்தது.

உன் வழிகாட்டி நல்லவர்தான், ஆனால் பயந்தவர். "கைப்புண்ணு டாக்டர் சமாச்சாரம்மா. மெட்ராஸ்லேருந்து வர்றவுங்க மொதல் வரியிலயே மூடி வச்சிடுவாங்க. அத எடுத்துடு" என்றாராம். முடியாது என்று சொல்லிவிட்டதாக நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, உன் அண்ணன் முகம்தான் கண்முன் நின்றது. நல்ல பிரதியை நான் தனியாக உட்கார்ந்து அடித்தபோது முதல் நோக்கத்தை விட்டுவிட்டு மற்ற மூன்றுக்கும் எண் போட்டேன். நான் அடித்ததை நீ என்றைக்குமே சரிபார்த்ததில்லை. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாய். உன் நன்மைக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்குப் பயம், அவ்வளவுதான்.

நேர்முகத்தன்று நானும் சிதம்பரம் வந்து தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தே இருந்தது. நோக்கங்களை வாசிக்கச் சொன்னார்கள். காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு உன் குரல்.

"இதுல ஒண்ணு விட்டுப்போயிருக்குது சார். மொதல் நோக்கம்."

"யார் விட்டது?"

"யாரு விட்டா என்னா சார், இருக்க வேண்டியது அது. இப்பவே எழுதித் தரேன்."

எழுதிக் கொடுத்தாய். இது வேதியியலே இல்லையே என்றார் ஒருவர்.

"கைய வேவ வைக்கிறது எண்ணெய் சார். எண்ணெய் கெமிஸ்ட்ரிதான?"

உதவித்தொகை கிடைக்கவில்லை. நீ ஊருக்குத் திரும்பினாய், ஒரு வருஷம் கொட்டை உடைத்தாய். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று நான் எத்தனையோ நாள் நினைத்தேன். மறு வருஷம் ஒருநாள் வக்கீல் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாய். விரல்களில் புதுப் புண், கையில் அதே பக்கம். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

"வேற யார்கிட்டயாச்சும் குடேன்" என்றேன். உன் முகத்தைப் பார்க்கவில்லை.

"எதுக்கு? எத விடக்கூடாதுன்னு இப்ப உனக்குத்தான் ஜாஸ்தி தெரியும். நீயே அடி."

அடித்தேன். அந்த முறை கொடுத்தார்கள், குழுவில் ஆள் மாறியிருந்ததோ என்னவோ. சில வருஷம் கழித்து நீ கையில் தடவிக்கொள்ள ஒரு பூச்சு செய்து ஊருக்குக் கொண்டுபோனாய். சாம்பலுக்கு இது தேவலை என்றார் சின்னம்மா. நீ வாங்கிய பாராட்டுகளிலேயே அதைத்தான் அடிக்கடி சொல்லிக் காட்டுவாய்.

அச்சுப்படிக்கு வருகிறேன். 'பணிவே உருவானவர்' என்பதைச் சிவப்பு மையில் கோடிட்டு அடித்தேன். நோக்கங்களின் தலையில் என் கையால் எழுதினேன்: முந்திரிக்கொட்டை உடைப்பவர்களின் கை வேகாமல் இருக்க வழி காண்பது. மற்ற மூன்றுக்கும் எண்ணை மாற்றினேன். கூட வைத்த கடிதத்தில் 'தயவுசெய்து' இல்லை. அதை எழுதாமல் இருக்க இந்த வயதிலும் எனக்குக் கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது.

நேற்று மலர் வேலையைப் பார்க்கிற பையன் போனில் கூப்பிட்டான். பக்கமெல்லாம் அச்சுக்குக் கட்டியாகிவிட்டதாம், மேலே இடமில்லையாம். "கடசில சேத்துடலாங்களாம்மா?" என்றான்.

"மொதல்ல கையிதான் வேவுது, தம்பி. மொதல்ல போடு" என்றேன்.