வறுத்த மண்

மார்ச் 3
அவர் போய் இன்றோடு நான்கு மாதம். கொழுந்தன் குத்தகைப் பத்திரத்தோடு வந்தார். "அண்ணி, அண்ணன் சாணியைத் தவிர எதையும் போடாம மண்ணைச் சாகடிச்சுட்டாரு. என்கிட்ட விடுங்க, யூரியா போட்டு எழுப்பிடறேன்." செத்தது இவருக்கு எப்படித் தெரியும்? நாடி பார்த்தாரா? "சோதிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். ஐந்தாவது தாண்டாத வாய்க்கு வந்த தைரியம்!

மார்ச் 5
மண் பரிசோதனைக் கூடம். கண்ணாடி போட்ட சின்னப் பெண்தான் அங்கே எல்லாம். "அம்மா, போட்ட சாணம், சோளத்தட்டை எல்லாத்தையும் பயிர் அப்படியே சாப்பிடாது. மண்ணுல இருக்கிற நுண்ணுயிருங்க நொதின்னு ஒண்ணு விடும். அது உடைச்சுக் கொடுத்தாத்தான் தழைச்சத்து வெளிய வரும்."

புரிந்துவிட்டது. என் வீட்டுக்காரரும் முள் எடுத்துக் கொடுத்தால்தான் மீன் சாப்பிடுவார். பயிரும் அந்த ரகம்.

மார்ச் 6
எட்டு இடத்தில் மண் எடுத்தேன். அவர் செருப்புத் தடம் இருக்கிறதா என்று பார்த்தேன். மழை பெய்த நிலத்தில் எங்கே இருக்கும்? பைத்தியக்காரி.

படித்த பெண்ணிடம் சேற்றையா கொடுப்பது? வேர், புழு பொறுக்கி, இரும்புச் சட்டியில் வறுத்து, சலித்தேன். மாவு தோற்றுப்போகும்.

மார்ச் 12
சோதனை முடிவு வந்தது. நொதி கிட்டத்தட்ட இல்லவே இல்லையாம். அட மனுஷா, இத்தனை வருஷம் என்னதான்யா பண்ணே? என்னையும் சாணி சுமக்க வச்சியே!

மார்ச் 13
கொழுந்தன் நீட்டிய குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன். கூடத்துப் பெண்ணிடமிருந்து போன்.
"அம்மா, மக்கின சத்து நிறைய இருக்கு, நொதி மட்டும் இல்ல. எனக்கு இடிக்குது. மண்ணை என்ன பண்ணீங்க?"
"ஒண்ணும் பண்ணல. சுத்தமா வறுத்துத்தான் கொடுத்தேன்."
அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "ஐயோ அம்மா, சூட்டுல நொதி செத்துடுமே!"

அவர் கொன்றாராம். கொன்றது நான். அதுவும் அடுப்பில் வைத்து.

நான்கு மாதத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன் போலிருக்கிறது. கொழுந்தன் பயந்து பத்திரத்தை மடித்துக்கொண்டார்.

மார்ச் 21
இந்தத் தடவை ஈர மண், புழுவோடு. "நல்லா உழைக்குதும்மா. மத்தவங்க போடற யூரியால பாதி போதும்" என்றாள்.

சரிய்யா, நீதான் ஜெயிச்சே. அதைக் காதால் கேட்க இருந்திருக்கக் கூடாதா?

ஏப்ரல் 2
இன்று உழவு. டிராக்டர் கொழுந்தனுடையது. வயலோரம் நிறுத்திவிட்டு, "எவ்வளவு ஆழம் ஓட்டட்டும் அண்ணி?" என்றார்.

இந்த வயலில் இதுவரை யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. பதில் தெரியும். இருந்தாலும் யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றேன்.