நிலையில் அடித்த தகடு

ஜோதிக்கு,

உன் தம்பி காரியம் முடிந்து நீ ஆமத்தூரில் பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்ட பிறகு, வியாழன்தோறும் மதுரையிலிருந்து மனநல ஆலோசகர் அம்மா வீடியோவில் பேசுகிறார். தூக்கம், சாப்பாடு பற்றி மட்டும் பதில் சொல்வேன். வாரத்தில் அந்த அரை மணி நேரம்தான் இந்த வீட்டில் பேச்சுக்குரல்.

நேற்று பேசிக்கொண்டே வாசலுக்குப் போய்த் திரும்பினேன். "நிலையில என்னமோ தொட்டீங்களே சார்?" என்றார்.

நீ போன பிறகு நான் அடித்த செம்புத் தகடு. பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் போகுமுன் உடம்பிலுள்ள மின்சாரம் இறங்கத் தொடுவோமே, அதுபோல ஒன்று. மண்ணுக்குக் கம்பி இழுக்கவில்லை, அதனால் எதுவும் இறங்காது. தெரிந்தும் தொடுகிறேன்.

"எப்ப இருந்து இந்தப் பழக்கம்?"

சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அன்று மருந்தறைத் தகட்டைத் தொட உன் தம்பி மறந்துவிட்டான் என்று கம்பெனியில் சொன்னேன், உன்னிடமும் சொன்னேன். அவன் மறக்கவில்லை. கையை நீட்டினான். ஆர்டர் அவசரத்தில் நான்தான், "ஏலே, நேரமாச்சு, சும்மா உள்ள வாலே" என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே போனான். நான் லாரி லோடு பார்க்க வெளியே போனேன். அங்கே நிற்கும்போதுதான் வெடித்தது.

அடுத்த வியாழன் அந்த அம்மாவிடம் சொல்லிவிடுவேன். அதற்கு முன் உனக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
அவன் 'மச்சான்' என்று கூப்பிட்டவன்