டோனட்டில் ஓட்டை போட்ட அப்பா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறாதே, அவள் நன்றாகவே இருக்கிறாள், பக்கத்தில் உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்க்கிறாள். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, வீறாப்புதான் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நீ சுகமாக இருக்க வேண்டும், கையில் புதிதாகப் பட்ட சூடு ஆறியிருக்க வேண்டும். ஐந்து மாதமாக நான் உன்னோடு பேசவில்லை என்பது உண்மைதான், ஆனால் நீ அம்மாவோடு போனில் பேசும்போதெல்லாம் அதே அறையில், எப்போதோ முடிந்துபோன ஏல அறிவிப்பைப் பேப்பரில் படிக்கிற மாதிரி நடித்துக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

சித்தப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. போன சனிக்கிழமை அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. நீ அம்மாவிடம் சொன்ன டோனட் கடை இதே ஊரில்தான் இருக்கிறது, போய்ச் சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். டோனட்டுக்காக ஒரு மனுஷன் வரிசையில் நிற்பானா என்று நக்கலாகக் கேட்டேன். நின்றேன், முக்கால் மணி நேரம். எனக்கு முன்னால் ஒரு பல் டாக்டர், பின்னால் ஒரு தபால்காரர். அந்தக் கடை டோனட்டின் நடுவில் ஓட்டை கிடையாது. ஓரம் பொன்னிறமாக உப்பியிருக்கிறது, நடுவில் மட்டும் பாலாடை மாதிரி ஒரு மெல்லிய ஏடு, தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்கிற ஆள் தெரிகிறார். முப்பத்து நான்கு வருடம் கட்டட இன்ஸ்பெக்டராக இருந்தவன் புத்தி எங்கே போகும்? எதையும் தட்டிப் பார்க்க வேண்டும், அழுத்திப் பார்க்க வேண்டும். ஓட்டை போட மறந்துட்டீங்களாம்மா என்று கேட்டுக்கொண்டே ஆள்காட்டி விரலால் ஒரு குத்து குத்தினேன். ஏடு கிழிந்து ஓட்டை விழுந்துவிட்டது. தபால்காரர் ஐயோ என்றார், யாருக்கோ அடிபட்ட மாதிரி.

கடைக்கார அம்மாள் கோபப்படவில்லை. ஏங்க, ஓட்டை போடறதுக்கு ஒரு நிமிஷம் போதும், அந்த நடுவைக் கிழியாம இழுக்கறதுக்குத்தான் எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு என்று சொல்லி இன்னொன்றை நீட்டினார். நீட்டிய கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை எண்ணெய் தெறித்த தழும்புகள். நீ அம்மாவுக்கு அனுப்பிய போட்டோவில் உன் கையில் இருந்ததும் அதேதான். அதைப் பார்த்துத்தானே, எண்ணெய்ச் சட்டி முன்னாடி நிக்கவா இன்ஜினியரிங் படிச்சே என்று ஐந்து மாதம் முன்னால் உன்னிடம் கத்தினேன். ஓரத்தை முதலில் பிய்த்துத் தின்றுவிட்டு ஏட்டைக் கடைசிக்கு வைக்க வேண்டுமாம், டாக்டர் சொல்லிக்கொடுத்தார். அப்படியே செய்தேன். வாயில் வைத்ததும் கரைந்துவிட்டது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. சர்க்கரைத் தூள் விழுந்துடுச்சு என்றேன். தின்னது வாயால, கண்ணுல எப்படி விழுந்துச்சு என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள் உன் அம்மா.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். சொந்தக்காரர்களிடமெல்லாம் நீ உணவுப் பொருள் ஆராய்ச்சியில் பெரிய பதவியில் இருப்பதாக அளந்து வைத்திருந்தேன். என்ன ஆராய்ச்சி என்று பெரியப்பா கேட்டபோது, அது ரகசியம் என்றுகூடச் சொன்னேன். அன்றைக்கு அந்த அம்மாள், ஏன் என் கையையே பாக்கறீங்க என்று கேட்டதும், என் பொண்ணும் டோனட்தான் போடறா, அடுத்த மாசம் சொந்தக் கடை திறக்கறா என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், ஏதோ நானே மாவு பிசைந்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன், அதில் பஸ்ஸும் போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் பெரியப்பாவைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். நாலு மாசமாவே எங்க எல்லாருக்கும் தெரியும்டா, பாவம், ஆசையாச் சொல்றியேன்னு கேட்டுக்கிட்டு இருந்தோம் என்கிறார். என் மானம் போய் நான்கு மாதம் ஆகிறது, எனக்குத்தான் தகவல் வரவில்லை.

நான் அன்றைக்கு உன்னிடம் கத்தியது தப்பு, மகளே. நீ கையைச் சுட்டுக்கொண்டு கற்ற வேலையை, பார்க்காமலே விரலால் குத்திவிட்டேன். கடை திறப்புக்கு அம்மாவை மட்டும் அழைத்திருக்கிறாய், அது நியாயம்தான். நானும் வரட்டுமா? அப்பா என்று உள்ளே கூப்பிட வேண்டாம், வரிசையில் நின்றுகொள்கிறேன், இப்போது அனுபவம் இருக்கிறது. இரண்டு கையையும் பைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறேன்.

உன் கடையும் கையும் நன்றாக இருக்கட்டும், வேண்டிய ஆசியெல்லாம் உனக்கு உண்டு. சூட்டுக் காயத்துக்கு மருந்து போட மறக்காதே, முழுக்கைச் சட்டை போட்டுக்கொள். வரலாமா கூடாதா என்று மட்டும் போன் செய்து சொல். இந்த முறை நானே எடுக்கிறேன்.

இப்படிக்கு,
போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா