புள்ளி வராத வரைபடம்

அன்புள்ள வாலுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவின் முழங்காலும் என் மூக்குக் கண்ணாடியும் தவிர இங்கே எல்லாம் சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சொல்கிறபடி நலமாகத்தான் இருப்பாய் என்று நம்புகிறோம். மொட்டைமாடியில் நாம் இருவரும் நட்ட ஆன்டெனா கம்பத்துக்கு நேற்று வண்ணம் பூசினேன், அடியில் நீ ஆணியால் கீறிய உன் செல்லப்பெயர் மட்டும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஹாம் ரேடியோ தேர்வில் தேறிய கையோடு சைக்கிள் கூடையில் ரேடியோவை வைத்துக்கொண்டு நீ திரிந்த காலமெல்லாம் நினைவுக்கு வந்தது. அது நீ இருக்கும் இடத்தைக் காற்றில் சொல்லும், நம் மாடி கேட்கும், கீழே கணினி அதை இணையத்துக்குத் தள்ளும், வரைபடத்தில் நீ ஒரு புள்ளியாக ஊர்வாய். புள்ளி தபால் நிலையத்தைத் திரும்பியதும் அம்மா பாலை அடுப்பில் ஏற்றுவாள். ஒருநாள் புள்ளி வீடு வீடாக நின்று நின்று போக, அம்மா பதறிப்போய் உன்னைத் தேடச் சொல்லி என்னை ஸ்கூட்டரில் துரத்தினாள். போய்ப் பார்த்தால் கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வண்டியில் ரேடியோ, நீ தோழிகளோடு சினிமாவில்! பாப்பாதான் சார் பத்திரமா வெச்சுக்கச் சொல்லுச்சு என்றார் அவர், பாவம்.

அந்தச் சினிமாதான் இப்போது வினையாகிவிட்டது. இந்த வருஷமும் வர முடியாது என்று நீ சொல்லி, அம்மா ஏதோ சொல்லி, நீ பட்டென்று போனை வைத்தாயே, அதற்கு மறுநாளிலிருந்து, இப்போது நீ வேலைக்கு ஓட்டுகிற வண்டியின் புள்ளி வரவில்லை. வராட்டி போறா, எங்க இருக்கான்னுகூட நமக்குத் தெரியக் கூடாதா, வேணும்னேதான் அணைச்சு வெச்சிருக்கா என்று அம்மா அழுதாள். உன்னிடம் கேட்கவும் விடவில்லை, கேட்டு வாங்குறதுக்கு நான் என்ன பிச்சைக்காரியா என்கிறாள். அன்றிலிருந்து நீ போன் செய்தால் அவள் இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்வது இதனால்தான். எனக்கும் மனசு சங்கடமாகத்தான் இருந்தது. பிறகு பழைய பதிவுகளைக் கிளறினேன். உன் ரேடியோ கத்துவதோடு சரி, நம்மைப்போல் வீட்டில் ரேடியோ வைத்திருக்கும் ஹாம்காரர் யாராவது கேட்டு இணையத்தில் ஏற்றினால்தானே எங்களுக்குத் தெரியும்? கேட்டவர் யாரென்று காட்டும் அழைப்புக் குறியும் கூடவே வரும். நீ பாலங்களைச் சோதிக்கப் போகிற அந்த மலைச்சாலை முழுக்க உன்னைக் கேட்டது ஒரே ஒரு வீடு.

அந்த வீட்டு ஹாம்காரரின் இணையப் பக்கத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். அவர் மனைவி எடுத்தார். கணவர் தவறிவிட்டாராம். சும்மா ஓடிக்கொண்டிருக்கிறதே என்று அந்த அம்மாள்தான் ரேடியோ பெட்டியை அணைத்திருக்கிறார். மற்றபடி மேசையில் ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லையாம். ராப்பகலா இதுல யாரைத்தான் கேட்டுக்கிட்டிருந்தாரோ தெரியலையே என்றார். என் மகளை என்றேன். அந்தப் பொண்ணு என்ன நிற வண்டியில வரும் என்று கேட்டார். நீலம், மேலே ஏணி கட்டியிருக்கும் என்றேன்.

இரண்டாவது பாலம் தாண்டி, சாலையைப் பார்த்த பச்சைக் கதவு வீடு அவர்களுடையது. வெறுங்கையோடு போகாதே. போனதும் பெட்டியில் கை வைக்காமல் முதலில் அந்த அம்மாளோடு உட்கார்ந்து பேசு. அப்புறம் அவர் கையாலேயே அதைப் போடச் சொல். அம்மாவிடம் நான் இன்னும் வாய் திறக்கவில்லை, சொன்னால் மகளுக்கு வக்காலத்து வாங்குவதாகச் சண்டைக்கு வருவாள். புள்ளியே வந்து சொல்லட்டும். தூசி தட்டுகிறேன் என்று தினமும் காலையில் கணினியைப் போட்டுவிட்டு, அதன் எதிரேயே உட்கார்ந்திருக்கிறாள்.

நீ நன்றாக இருக்க வேண்டும், போகிற வழியெல்லாம் உனக்கு நல்லபடியாக அமைய வேண்டும். மலையில் வண்டியை மெதுவாக ஓட்டு.

பாலை அடுப்பில் ஏற்றக் காத்திருக்கும்,
அப்பா