அக்கா கேட்ட சைக்கிள் பாதை

என் அன்பு மங்கை அக்காவுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரில் நடைபாதை, சைக்கிள் பாதை போடுவதற்கான ஆலோசனைக் குழுவில் சைக்கிள் ஓட்டுபவர்களின் பிரதிநிதி இப்போது நான்தான். ஐம்பத்திரண்டு வயதாகியும் எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பது உனக்கும் என் முழங்கால் தழும்புக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது.

எல்லாம் நீ எழுதிய மனுக்களால் வந்த வினை. புது ஆற்றுக் கரையில் நடக்கவும் சைக்கிளில் போகவும் ஒரு பாதை வேண்டும் என்று வருஷக்கணக்காக எழுதினாயே, அதற்குப் பதில் நீ போன பிறகு வந்தது. "மனு கொடுத்தவங்க வீட்டுலேர்ந்து யாராவது வாங்க" என்றார்கள். போனேன். ஆட்டோவில்.

"நீங்க தினம் எவ்வளவு தூரம் சார் ஓட்டுவீங்க?" என்று பொறியாளர் அம்மா கேட்டார். "அதையெல்லாம் அளந்து பார்த்ததில்லைங்க" என்றேன். பொய் இல்லையே? பக்கத்தில் ஒரு நகைக்கடைக்காரர். "யாரு சார் இப்ப நடக்கிறா? டாக்டர் சொன்னவன் நடக்கிறான், பெட்ரோல் தீர்ந்தவன் நடக்கிறான்" என்று சொல்லிவிட்டுக் கார் நிறுத்த இடம் கேட்டார். சைக்கிள் பாதைக் கூட்டத்தில், அக்கா! என் வாய் நிறைய மிக்சர்.

சிரிக்காதே. நான் ஏன் போனேன் என்று உனக்குத் தெரியும். உன் மகள் வெண்ணிலா இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. உன்னுடைய சைக்கிளிலேயே மெயின் ரோட்டில் போகிறாள். ஐப்பசி மழையில் பஸ்ஸுக்கு ஒதுங்கப் போய் நீ விழுந்தாயே, அந்த வளைவைத் தாண்டித்தான் தினமும் போகிறாள்.

"வந்து சேர்ந்துட்டேன் மாமா" என்று அவள் போன் பண்ணும்வரை எனக்கு இருப்புக் கொள்வதில்லை. வாசலுக்கும் கூடத்துக்கும் நடக்கிறேன். காபி ஆறிப்போகிறது. "குழுவுல சொல்லி இதையும் ஒரு நடைபாதையா சேர்த்துக்கங்க" என்கிறாள் என் மனைவி.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். மாதிரிக்கு என்று மதகிலிருந்து பாலம் வரை ஒரு துண்டுப் பாதை போட்டார்கள். வழவழவென்று சிமென்ட். அந்த வளைவுப் பக்கமே போகாமல் பாலத்துக்கு வந்துவிடலாம். ஒருநாள் காலையில் ஆள் உட்கார்ந்து எத்தனை பேர் நடக்கிறார்கள், எத்தனை பேர் சைக்கிளில் வருகிறார்கள் என்று எண்ணுவார்கள். கூட்டம் இருந்தால் மீதியைப் போடுவார்கள். இல்லாவிட்டால் அதோடு சரி. நான் ஒரு வாரம் வீடு வீடாகப் போய்க் கும்பிட்டேன். ஓட்டுக் கேட்பவன்கூட அவ்வளவு குனிந்திருக்க மாட்டான்.

அன்று காலை போய்ப் பார்த்தால் பாதையைக் காணோம். மதகிலிருந்து பாலம் வரை நெல். சம்பா அறுவடை நேரத்தில் இந்த ஊரில் ஒரு சிமென்ட் தரையைப் போட்டுவிட்டு, அது சும்மா கிடக்கும் என்று நினைத்திருக்கிறோம். அத்தனை பேர் வரைபடத்தைக் குனிந்து பார்த்தோமே, ஒருத்தருக்காவது தோன்றியதா?

கரையோர வயல்காரர் ராஜாக்கண்ணு பலகையால் நெல்லைப் பரப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இன்னைக்குக் கணக்கெடுக்க வர்றாங்க. கொஞ்சம் அள்ளிடுங்களேன்."

"அள்ளி எங்க கொட்டுறது, உங்க வீட்டுக் கூடத்துலயா? ஈரமா இருக்குன்னு கொள்முதல் நிலையத்துல திருப்பி விட்டுட்டாங்க. ரெண்டு வெயில் காஞ்சாத்தான் எடுப்பாங்க."

"இது சைக்கிள் பாதைண்ணே."

நெற்றியில் கையை வைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "சைக்கிள் எங்க? ஒண்ணைக் காட்டுங்க, அள்ளிடறேன்."

அப்புறம் அவரே மனசு இரங்கி, ஓரமாக ஓர் ஆள் போகிற அளவுக்கு நெல்லைத் தள்ளிக் கொடுத்தார்.

எண்ண வந்த பெண்மணி பூவரச மரத்தடியில் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டார். நான் கும்பிட்டு அழைத்தவர்களில் நாலைந்து பேர் வந்து, எட்டிப் பார்த்துவிட்டு ரோட்டுக்கே திரும்பிவிட்டார்கள். வெண்ணிலாவுக்கு அன்று விடிகாலை ஷிப்ட், அவளும் இல்லை. யாரிடமோ சைக்கிளை இரவல் வாங்கி உருட்டத் தொடங்கினேன். மதகுக்கு, பாலத்துக்கு, மறுபடி மதகுக்கு. மூன்றாவது நடையில் அந்தப் பெண்மணி நிறுத்தினார்.

"சார், உங்களை நடக்கிறவங்கள்ல போடவா, ஓட்டுறவங்கள்ல போடவா?"

"ரெண்டுலயும் போடுங்கம்மா."

"ஒரு கட்டத்துலதான் சார் டிக் பண்ணணும்."

"ஏறி ஓட்டுங்க சார், பிரச்சினை தீர்ந்துது" என்றார் ராஜாக்கண்ணுவின் மனைவி மல்லிகா. ஏறினேன். நெல்லுக்குள்ளிருந்து எழுந்தேன். "சட்டைப் பையில போனதையும் கொட்டிட்டுப் போங்க" என்றார் அவரே.

அன்று வீட்டுக்கு வந்து உன் படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆனால் கேள் அக்கா, போன வாரம் மீதிப் பாதைக்கு அனுமதி வந்துவிட்டது. "நடப்பவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம்" என்று குறிப்பு. எனக்கே புரியவில்லை. அந்தப் பெண்மணியைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். "மல்லிகாம்மாவும் அவங்க ரெண்டு நாத்தனாரும் நெல்லைக் காலால கிளறிக்கிட்டே அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் போனாங்களே சார். நடக்கிறவங்களை எண்ணச் சொன்னாங்க. ஒவ்வொரு நடையும் எண்ணினேன்" என்றார்.

குழுவில் இதைச் சொல்லியிருக்க வேண்டுமோ? நீயாக இருந்தால் எழுந்து சொல்லியிருப்பாய். நான் அந்த வளைவை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். தப்பா அக்கா?

மீதிப் பாதை முடிவதற்குள் சைக்கிள் கற்றுக்கொள்கிறேன். வெண்ணிலாவை லேப் வாசல் வரை கூடவே ஓட்டிப் போய் விட்டுவிட்டு வருவேன். இது உன்மேல் ஆணை.

வாசலிலேயே நிற்கும்
உன் தம்பி

இதை முடிக்கும்போது வெண்ணிலா வேலைக்குக் கிளம்பிப் போகிறாள். மாதிரிப் பாதையில் அவள் இன்றுவரை ஒருநாளும் போனதில்லை. "எப்பவும் யாரோட நெல்லாவது கிடக்கு மாமா, அது மேல சக்கரத்தை ஏத்த மனசு வரலை" என்று சொல்லிவிட்டு மெயின் ரோட்டிலேயே போகிறாள்.