செல்வி வீட்டு ஆரத்தி

பிப்ரவரி 11, வெள்ளி

ராணுவத்தில் இறந்தவரின் மனைவி என்பதால்தான் கட்சி எனக்குக் கவுன்சிலர் சீட்டு கொடுத்தது. நோட்டீஸில் என் முகத்தைவிட அவருடைய யூனிபார்ம் படம்தான் பெரிது. இன்று கொருக்குப்பேட்டையில் ஓட்டுக் கேட்கப் போனோம். என் மண்டியில் பல வருஷமாகக் கருவாடு எடுத்து விற்கும் செல்வி, ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வந்தாள். நான் முன்னால் போய் நின்றேன்.

"நீ கொஞ்சம் தள்ளி நில்லுக்கா. வூட்ல கல்யாணப் பொண்ணு கீது. தப்பா நெனச்சிக்காத."

பக்கத்தில் நின்ற வட்டச் செயலாளருக்குச் சுற்றினாள், பொட்டும் வைத்தாள். அந்த ஆள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். பிறகு காசு போடச் சொல்லித் தட்டை என்னிடம் நீட்டினாள்.

போட்டேன். "ஓட்டாவது எனக்குத்தானேடி?" என்று கேட்டேன்.

"இன்னாக்கா இப்டி கேட்டுக்கினு! நாலு ஓட்டும் உனுக்குத்தான். இந்தக் கால்வாய மட்டும் கட்டிக் குடுத்துரு."

கும்பிட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போனேன்.

ஜெயித்தால் அந்தக் கால்வாயைத்தான் முதலில் கட்ட வேண்டும். ஒரு மழைக்குத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறினாலும், தாலியறுத்தவளுக்கு ஓட்டுப் போட்டதால்தான் என்பாள்.