வடக்குச் சுவரில் மாட்டியவை

2024 ஜூன் 9, ஞாயிறு

சேலைக் கரைத் துண்டுகளைக் கோத்து ஒரு தோரணம் செய்து, இன்று வடக்குச் சுவரில் மாட்டினேன். பிரபாவதி அக்கா கடையில் தைக்கப் போகும்போது கீழே கிடந்தவை, பொறுக்கி வந்தேன். மயில்கழுத்துப் பச்சை, அரக்கு, நடுவில் மெல்லிய மஞ்சள். எனக்கே பிடித்திருந்தது. வெறும் சுவரைச் சும்மா விட என்னால் எப்போதுமே முடிந்ததில்லை.

கட்டிலில் படுத்திருந்த என் வீட்டுக்காரர் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

விக்கிரவாண்டியில் மல்லாட்டைக் கடலை மூட்டைக்கு மேலே ஏறித் தார்ப்பாய் கட்டும்போது லாரியிலிருந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை. கழுத்தில் பட்டை, திருப்பக் கூடாது. தலைமாட்டுக்குப் பின்னால் ஜன்னல், அதற்கு அப்பால் திண்டிவனம் ரோடு முழுக்க ஓடுகிறது. கண்ணுக்கு எதிரே சுவர். லாரி ஓட்டின மனுஷனுக்குச் சுவர்!

ஜூன் 13

கட்டிலைத் திருப்பிப் போடலாமா என்று அத்தையிடம் மறுபடியும் கேட்டேன். அறை குறுகல். திருப்பினால் தலை வடக்கேதான் வரும்.

"வடக்கால தல வெச்சிப் படுக்க வெக்கிறதா? எம் புள்ளய ஜல்தியா அனுப்பிடலாம்னு பாக்கிறியா?"

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் நானே திருப்பிப் போட்டு, நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால்? கை வரவில்லை.

ஜூன் 22

மயிலத்தில் வாங்கிய ஓலை விசிறிக்கு நீலம் பூசி மாட்டினேன். பக்கத்தில் பழைய முறம், அதில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு சிக்குக் கோலம்.

"மொறத்தப் போயி செவுத்துல மாட்டுவாங்களா?" என்றார் அத்தை. மாட்டுவார்கள். நான் மாட்டுவேன்.

ஜூலை 2

இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை. சாப்பிடாவிட்டால் முதுகுப் புண் ஆறாது, அப்புறம் எங்கள் கையில் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். டி.வி. போட்டால் கண்ணை மூடிக்கொள்கிறார். கண்ணுக்கு நல்லதாக ஏதாவது இருந்தால் பிழைக்க மனசு வரும் என்றுதானே நான் பொறுக்கிப் பொறுக்கி மாட்டுகிறேன்?

சாயங்காலம் வாயைத் திறந்தார். "எல்லாத்தையும் எடுத்துடு வேணி. கடையாட்டம் கீது. பேஜாரா கீது."

எடுத்துவிட்டேன். கோபம் கோபமாக வந்தது. முறத்தைப் போட்டு உடைக்கலாம் போல இருந்தது. உடைக்கவில்லை.

ஜூலை 11

கண்டுபிடித்துவிட்டேன்!

காயலான் கடையைத் தாண்டி வரும்போது, உடைத்துப் போட்டிருந்த லாரியிலிருந்து கழற்றிய பக்கக் கண்ணாடி ஒன்று வெயிலில் கிடந்தது. குமிழ்ந்த கண்ணாடி. அதற்குள் மொத்தத் தெருவும் அடங்கியிருந்தது, என் செருப்பு உட்பட. அங்கேயே நின்றுவிட்டேன். இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை?

வடக்குச் சுவரில் உயரமாகக் கொஞ்சம் சாய்த்து மாட்டினேன். பின்னால் இருக்கும் ஜன்னலும் ரோடும் அப்படியே அதில் வந்தன. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து, "விழுப்புரம் வண்டி இன்னிக்கி லேட்டு" என்றார்.

இட்லி சாப்பிட்டார். நான் சமையலறைக்குப் போய் அழுதேன்.

ஜூலை 12

அத்தை காலையிலிருந்து கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார்.

"உள்ள பாரு. தல எந்தப் பக்கம் கீது? வடக்கால!"

பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. நிஜம்தான். கண்ணாடிக்குள் கால் நம் பக்கம், தலை உள்ளே தள்ளி வடக்கே என்றுதான் அவர் படுத்திருந்தார்.

அத்தை ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கழற்றப் போனார். "இருக்கட்டும்மா" என்றார் அவர். "நா அதுக்குள்ள இல்ல. இங்கதான் கீறேன்." விழுந்ததிலிருந்து தன் அம்மாவிடம் அவர் பேசிய முதல் பேச்சு. அத்தை ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஜூலை 30

தினமும் ரோட்டுச் சேதி சொல்கிறார். எந்த லாரியில் லோடு சாய்ந்திருக்கிறது, எவன் ராங் சைடில் வருகிறான். திட்டுகிறார்கூட. புண் காய ஆரம்பித்திருக்கிறது.

ஆகஸ்ட் 6

மறுபடியும் சாப்பிடவில்லை.

"ரோட்டுல இன்னா சேதி?" என்று கேட்டேன்.

"ரோட்டப் பாக்கல. உன்னப் பாத்தேன்."

அவருக்கு இடுப்புக்குக் கீழே துடைத்துத் துணி மாற்றும்போது அவருக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பேன். என் முகம் தெரியக் கூடாது என்றுதான். ஆனால் முதுகு அவர் பக்கம் என்றால் முகம் கண்ணாடிப் பக்கம். ஐயோ, இத்தனை நாளும் பார்த்திருக்கிறார். நான் எப்படி இருந்தேன்? மூக்கைச் சுளித்தேனா? அருவருப்பாகவா? சலிப்பு இருக்கிறது, இல்லையென்று எழுதினால் பொய். அதை அவர் பார்க்கும்படி ஆகிவிட்டதே.

ஆகஸ்ட் 7

இன்று சிரித்த முகமாகத் துடைத்தேன். நிமிர்ந்தால், கண்ணாடிக்குள் அவர் கண்ணை இறுக்கி மூடியிருந்தார்.

ஆகஸ்ட் 10

வெந்நீர் வாளியோடு உள்ளே போனதும், "கண்ணாடி மேல துண்டப் போடு" என்றார்.

"கழட்டிடட்டுமாங்க?"

"வாணாம். ரோடு வேணும். தொடைக்கிறப்ப மட்டும் மூடு."

துண்டைப் போட்டேன்.

"மூடிட்டியா?"

"மூடிட்டேன்."

"இப்ப உன் மூஞ்சிய எப்டி வேணா வெச்சிக்கோ."

முதுகைக் காட்டி நின்று துடைத்தேன். சத்தம் வராமல் அழுதேன். வேலை முடிந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து துண்டை எடுத்தேன்.